அம்மா வரும் நடைமேடை

குருவியின் அம்மாவுக்கு ரயிலில் சமையல் வேலை. வீட்டில் இருப்பதைவிட ரயிலில் இருப்பதுதான் அதிகம். அந்த ரயிலோ குருவியின் ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. கடைசியாக அம்மா வந்தபோது தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். இப்போது அவன் ஓடுகிறான், துரத்திப் பிடிக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும்.

ஒரு நாள் காலை அம்மாவிடமிருந்து போன் வந்தது.

“குருவி! வழியில ஒரு பாலம் ரிப்பேராம். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் ரயில் நம்ம ஊர் வழியாப் போகுது. சாயந்திரம் ஸ்டேஷனுக்கு வர்றீங்களா?”

“இறங்கி வீட்டுக்கு வருவியா அம்மா?”

“இல்லடா கண்ணு. அஞ்சே நிமிஷம்தான் நிக்கும். சமையல் பெட்டி எட்டாவது. அங்க நில்லுங்க.”

குருவி ஐந்து விரலையும் மடக்கிப் பார்த்தாள், ரொம்பக் கொஞ்சம்தான். ஆனாலும் அஞ்சு நிமிஷம் அஞ்சு நிமிஷம்தானே!

சாயங்காலம் மூவரும் கிளம்பினார்கள். அப்பா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டார். அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. நாள் முழுக்க இரும்பு கடையும் சத்தம் கேட்டுக் கேட்டு அவர் காது மந்தமாகிவிட்டது. ஒலிபெருக்கி பேசினால் அவருக்கு வெறும் கரகரப்புதான். அதனால் வெளியே போனால் குருவிதான் கேட்டு, அப்பாவின் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவாள்.

ஸ்டேஷனுக்குள் நுழைந்ததுமே அறிவிப்பு வந்தது. அம்மாவின் ரயில் மூன்றாம் நடைமேடைக்கு வருமாம். குருவி அப்பாவின் கையில் மூன்று போட்டாள்.

“மூணு, எட்டு. மூணு, எட்டு” என்று பாட்டுப்போலச் சொல்லிக்கொண்டே படிக்கட்டுப் பாலத்தில் ஏறினாள். தம்பியும் “மூணு, எட்டு!” என்று அப்பாவின் தலையில் தாளம் போட்டான்.

பாலத்தின் நடுவில் மறுபடியும் அறிவிப்பு. “நடைமேடை மூன்றுக்குப் பதிலாக ஐந்து...”

“அஞ்சாம்” என்றாள் குருவி. அதை அப்பாவின் கையில் எழுதுவதற்குள் தம்பியின் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. குனிந்து எடுத்து, மாட்டிவிட்டு, நடந்தாள். வாய் பழையபடி பாடத் தொடங்கியது: “மூணு, எட்டு. மூணு, எட்டு.”

மூன்றாம் நடைமேடையில் எட்டு என்ற பலகைக்குக் கீழே போய் நின்றார்கள். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. மூட்டை தூக்கும் ஒரு பெரியவர் மட்டும் நின்று பார்த்தார்.

“இங்க எதுக்கு நிக்கிறீங்க? அது அஞ்சுல வருதுன்னு சொன்னாங்களே, கேக்கலையா?”

குருவிக்கு முகம் சுண்டிவிட்டது. கேட்கவில்லையா? கேட்டாள்! வாயால் சொல்லக்கூடச் சொன்னாள். அப்புறம் எப்படிக் கால் இங்கே வந்தது?

“பரவாயில்லடா, இன்னும் ரயில் வரல” என்றார் அப்பா. அவருக்கு மூச்சு வாங்கியது. தம்பி கனமான பயல்.

திரும்பவும் பாலம் ஏறினார்கள். குருவி யோசித்துக்கொண்டே ஏறினாள். அஞ்சு தலைக்குள் வந்தது உண்மைதான். ஆனால் மூணு எழுந்து இடம் விடவில்லை. பஸ்ஸில் சீட்டைப் பிடித்த ஆள் மாதிரி அங்கேயே உட்கார்ந்திருந்தது. அஞ்சு பாவம், நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டது.

ஐந்தாம் நடைமேடையில் நல்ல கூட்டம். சுருட்டிய மெத்தையைத் தலையில் வைத்திருந்த மீசைக்காரர் ஒருவர், “அஞ்சு, அஞ்சு, அஞ்சு” என்று முணுமுணுத்தபடி நின்றார்.

அப்போதுதான் ஒலிபெருக்கி மறுபடி தொண்டையைச் செருமியது. “பயணிகள் கவனத்திற்கு... நடைமேடை இரண்டில்...”

குருவி இந்த முறை உடனே கிளம்பவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் தன் பாவாடை நுனியால் அழுத்தித் துடைத்தாள்.

“என்னடா பண்றே? கை சுத்தமாத்தானே இருக்கு?”

“மூணு போச்சு. அஞ்சும் போச்சு.” இன்னொரு தடவை துடைத்தாள். “எட்டு மட்டும் இருக்கட்டும்.” அதன்பிறகு ஒரு பெரிய இரண்டு போட்டாள். “இப்ப ரெண்டுப்பா! ரெண்டு, எட்டு!”

கிளம்பியவள் திரும்பிப் பார்த்தாள். மீசைக்காரர் இன்னும் “அஞ்சு, அஞ்சு” என்றுதான் நின்றார்.

“மாமா, அஞ்சை விட்டுடுங்க! ரெண்டுல வருது!”

“ஐயோ, ரெண்டா?” மெத்தை முன்னால் போக, அவர் பின்னால் ஓடினார்.

மூவரும் இரண்டாம் நடைமேடையில் கால் வைக்கவும் ரயில் உள்ளே வரவும் சரியாக இருந்தது. எட்டு என்ற பலகைக்கு ஓடினார்கள்; எட்டாவது பெட்டி மெதுவாக வந்து நின்றது. கதவில் அம்மா! தலையில் வெள்ளைத் தொப்பி, முன்னால் கட்டிய துணியில் மஞ்சள் கறை.

அம்மா இறங்கி மூவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். அம்மாமேல் வெங்காய வாசனை அடித்தது. குருவி அதை இழுத்து இழுத்து முகர்ந்தாள். தம்பி மட்டும் புது ஆளைப் பார்ப்பதுபோல முறைத்தான்.

அம்மா ஒரு பையிலிருந்து சிவப்புக் கவுன் எடுத்தார். குருவியின் தோளில் வைத்துப் பார்த்தார். கவுன் இடுப்புக்குக் கீழே கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. சிரித்துக்கொண்டிருந்த அம்மாவின் முகம் வாடியது.

“கடையில நின்னு எவ்வளவு நேரம் யோசிச்சு வாங்கினேன் தெரியுமா? என் மனசுல நீ இன்னும் இத்தனூண்டுதான் இருக்கே.”

தம்பி கவுனைப் பிடுங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

குருவி அம்மாவை ஒட்டி நிமிர்ந்து நின்றாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள். அந்தக் கையை அப்படியே நேராக நகர்த்தினாள். அது அம்மாவின் தோளில் போய் முட்டியது.

“இங்க வரைக்கும் வந்துட்டேன் அம்மா. அந்தச் சின்னக் குருவியை விட்டுடு. இவளை வச்சுக்கோ.”

விசில் ஊதியது. அம்மா அவசரமாக ஏறிக் கதவருகில் நின்றார். ரயில் நகர்ந்தது.

மற்ற பெட்டிகளில் எல்லோரும் கையசைத்தார்கள். அம்மா மட்டும் அசைக்கவில்லை. ரயில் வளைவில் திரும்பும்வரை கையைத் தன் தோளில், குருவியின் உயரம் வந்து முட்டிய அந்த இடத்திலேயே வைத்திருந்தார்.