நாலு காலில் ஒரு மருமகள்

காலையிலேயே மாமியாரின் ஒற்றைக் கம்மலைக் காணவில்லை. பீரோ, குளியலறை, சோபா இடுக்கு எல்லாவற்றையும் துழாவியாயிற்று. கடைசியில் வீட்டின் பார்வை முழுக்கச் சமையலறைப் பக்கம் திரும்பியது. அங்கே மருமகள் இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். காணாமல் போக அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை.

"நான் கண்ணால பார்த்தேம்மா!" என்றாள் நாத்தனார். கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகும் முக்கால்வாசி நாள் இங்கேயே சாப்பிடுகிறவள். "அண்ணி தினமும் சாப்பிட்டதும் கதவைச் சாத்திக்கிறாங்க. நேத்து எட்டிப் பார்த்தா... கையையும் முட்டியையும் தரையில ஊணி, நாலு கால்ல நிக்கிறாங்க! அலமாரிக்கு அடியில எதையோ ஒளிக்கிறாங்க!"

மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த மாதங்களில், ஊட்டிவிட்டு, துடைத்துவிட்டு, நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மருமகள் பாதியாக இளைத்துப் போனாள். "என்ன டயட் அண்ணி? சொல்லவே மாட்டேங்கறீங்களே!" என்று நாத்தனார் பொறாமைகூடப் பட்டாள். அதன் பிறகுதான் இது. சாப்பிட்டால் வயிறு கல்லாகக் கனக்கும். பச்சையாக வாந்தி வரும். ஒரு நாள் துடித்துப்போய்த் தரையில் கவிழ்ந்தவள், அப்படி நின்றால் வலி இறங்குவதைக் கண்டுகொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு ஆறுதல் சொல்லத் தரை இருந்தது.

"வயித்து வலி அத்தை... அப்படி நின்னா கொஞ்சம் இறங்குது..."

"வயித்து வலின்னா படுப்பாங்க. மாடு மாதிரியா நிப்பாங்க? என்னா நடிப்புடி!" என்றாள் மாமியார்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தன் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தான். அது ஏற்கெனவே போட்டிருந்தது.

அன்று மத்தியானம் அவள் பாத்திரங்களுக்கு நடுவே சுருண்டு விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கேட்டார்: "வலி வந்தா என்ன பண்ணுவீங்க?"

மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டே, திருட்டை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னாள். டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு சொல்லிக்கொடுத்தா?"

"யாருமில்லீங்க... வலிதான்."

டாக்டரம்மா குடும்பத்தின் பக்கம் திரும்பினார். "ரெண்டு ரத்தக் குழாய்க்கு நடுவுல சிறுகுடல் போகுது. இடையில கொழுப்பு மெத்தை மாதிரி இருக்கும். உடம்பு ரொம்ப இளைச்சா மெத்தை கரைஞ்சு, குழாய் ரெண்டும் குடலைக் கவ்விக்கும். ரொம்ப அபூர்வம். இவங்க நிக்கிற மாதிரி நின்னா பிடி கொஞ்சம் தளரும். சரி... இவங்க கடைசியா எப்போ உக்காந்து சாப்பிட்டாங்க?"

குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மின்விசிறிமேல் ஆர்வம் வந்தது.

மூக்கு வழியாக, அந்த இடுக்கைத் தாண்டிக் குழாய் விட்டார்கள். சதை பிடித்தால் குடல் தானாக விடுபடும், இல்லையென்றால் ஆபரேஷன். கணவனுக்கு ஆபீஸ், நாத்தனாருக்குத் தலைவலி. பகல் முழுக்க அவள் தனியாகக் கிடந்து, குழாயில் திரவ உணவு வெள்ளையாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு முதலில் பரிமாறினார்கள். பரிமாறியது ஒரு மெஷின்.

ஒரு சாயங்காலம் மாமியார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தாள். மூடியிருந்த கையை விரித்தாள். கம்மல்.

"தலைகாணி உறைக்குள்ள இருந்துச்சு... நீ விழறதுக்கு முன்னாடியே கிடைச்சிடுச்சுடி. சொல்ல... வாய் வரல."

மருமகளின் கண்ணோரம் நனைந்தது. அதற்குள் வலி வந்துவிட்டது. வழக்கம்போலப் புரண்டு, கட்டிலில் கையையும் முட்டியையும் ஊன்றி, தலையைத் தொங்கப்போட்டாள்.

மாமியாரால் மண்டிபோட முடியாது. ஆணி வைத்த இடுப்பு. முனகிக்கொண்டே குனிந்து, முழங்கைகளைக் கட்டிலில் ஊன்றி, முகத்தை மருமகளின் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள்.

"இப்படியேவாடி... இத்தனை மாசமும்... கதவைச் சாத்திக்கிட்டு?"

"ஆமா அத்தை."

கட்டிப்பிடிக்க வசதியில்லாத நிலை. கிழவி ஒரு கையை மட்டும் எடுத்து அவள் முதுகில் வைத்தாள். முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. கிழவி விசும்பினாள்.

உள்ளே வந்த நர்ஸ் திகைத்து நின்றாள். "என்ன பாட்டி, எதையாவது தேடறீங்களா?"

"இல்லம்மா," என்றாள் மாமியார், தலையை நிமிர்த்தாமலே. "எம் மருமக தனியா நிக்கிறா. அதான்."