மூன்று பத்தொன்பதில் சுற்றும் வட்டம்

அப்பாவின் கடைசி மதியத்தை அழித்தது அவன்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. வீட்டில் கம்ப்யூட்டரைத் தொடும் தைரியம் அவனுக்கு மட்டும்தான் உண்டு. அதனாலேயே அக்கா அவனை 'சயின்டிஸ்ட்' என்பாள், பாராட்டாக அல்ல. இடமில்லை, இடமில்லை என்று லேப்டாப் இரண்டு நாளாக முனகியது. 'கேமரா' என்றொரு ஃபோல்டர் பெரிதாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. அதை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு, சாதித்தவனைப் போல டீ போட்டுக் குடித்தான். பாதி டீயில்தான் உறைத்தது. அப்பா படுத்திருந்த அறையில் மாட்டிய கேமராவின் பதிவுகள் அதில்தான் இருந்தன. அப்பா போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

நல்லவேளை, கிளவுடில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கிளவுடை இன்னொரு டிரைவ் போல லேப்டாப்பிலேயே தெரியும்படி முன்பே இணைத்து வைத்திருந்தான். பார்வைக்கு எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருப்பது போலிருக்கும். திறந்தால்தான் ஒவ்வொரு துண்டாக எங்கிருந்தோ வந்து சேரும். கடைசி நாளின் பைலைத் திறந்தான். ஓடியது. சுவரோரக் கட்டில், போர்வை, அப்பாவின் பின்னந்தலை. மூலையில் மணி மூன்று பத்தொன்பது என்று காட்டியபோது படம் நின்றது. நடுவில் ஒரு வெள்ளை வட்டம் சுற்றத் தொடங்கியது.

மறுபடி திறந்தான். மறுபடி மூன்று பத்தொன்பது. மறுபடி வட்டம்.

ஐந்து மணிக்கு அக்கா வருவாள். கடைசி நேரத்தில் வந்து சேர முடியாமல் போனவள், "அந்த மதியத்தை மட்டும் எனக்குப் போட்டுக் காட்டு, போதும்" என்று கேட்டிருந்தாள். அவள் பார்ப்பதற்கு முன் அவனுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அப்பா அவனைக் கூப்பிட்டாரா?

அன்று அவன் அடுத்த அறையில்தான் இருந்தான். நடுவில் ஒரே ஒரு சுவர். காதில் ஹெட்போன். இதே டிரைவிலிருந்து ஒரு சினிமா, அதுவும் காமெடிப் படம், விக்கி விக்கி ஓடியது. படம் வழுக்கிக்கொண்டு ஓடட்டும் என்று அப்பா அறைக் கேமராவின் பதிவு கிளவுடுக்கு ஏறும் வேகத்தைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்து வைத்தான். படம் அருமையாக ஓடியது. வயிறு வலிக்கச் சிரித்தான். நாலு மணிக்குக் கஞ்சியோடு உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

அப்பா கூப்பிட்டிருப்பாரா என்று கேட்டதற்கு யாரும் அவனுக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. டாக்டர், "அந்த நேரத்துல அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றார். மனைவி, "இப்ப எதுக்கு அதெல்லாம்? மொதல்ல குளிச்சிட்டு வாங்க" என்றாள். அக்காவிடம் போனில் கேட்டதற்கு வந்த பதில், "சாப்பிட்டியாடா?"

அவன் ரவுட்டரைக் கூப்பிட்டான். ரவுட்டர் என்பது நண்பன். நெட்வொர்க் கடை வைத்திருப்பதால் வந்த பெயர்.

"சொல்லு சயின்டிஸ்ட், இந்தத் தடவை எதைக் கொளுத்தின?"

"கிளவுட்லேர்ந்து வீடியோ ஓட மாட்டேங்குதுடா. ஒரே எடத்துல நிக்குது."

"மத்த வீடியோ?"

"குதிரை மாதிரி ஓடுது."

"பிளேயர் சின்னச் சின்னத் துண்டா கேக்கும். சமையலுக்கு ஒவ்வொரு மிளகாயா கடைக்குப் போய் வாங்கிட்டு வர்ற மாதிரி. பெரிய துண்டா வாங்கி முன்கூட்டியே சேத்து வெக்கச் சொல்லு. எப்படின்னு அனுப்பறேன்."

அனுப்பினான். இவனும் அப்படியே மாற்றினான். மூன்று பத்தொன்பது.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை 'டிக்' என்று தட்டியது. தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்திய சத்தம் வெயிலுக்குள் கரைந்து போனது. மூன்று முறை பினாயில் ஊற்றிக் கழுவிய பக்கத்து அறையிலிருந்து, கதவடியில், அப்பாவின் முதுகுக்குத் தடவும் தைலத்தின் வாசனை மெதுவாக, ஊர்ந்து வருவது போல வந்தது. கட்டிலையும் மெத்தையையும் அன்றே கொடுத்தாயிற்று. தைலக்குப்பியை அவனே தூக்கி எறிந்தான். மூக்குக்கும் ஞாபகசக்தி உண்டு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

போன் அடித்தது. ரவுட்டர். கிளவுடுக்கு எது எங்கிருந்து ஏறுகிறது என்று அவன் கடையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பைல் எவ்வளவு பெருசுன்னு பாரு."

"ஒண்ணு புள்ளி எட்டு நாலு ஜிபி."

"ஒரு தடவை ரெப்ரெஷ் பண்ணு."

"ஒண்ணு புள்ளி எட்டு... ஆறு."

"அதான் விஷயம். அது இன்னும் ஏறிக்கிட்டே இருக்குடா. ஒரு பக்கம் எழுதிட்டிருக்கு, மறுபக்கம் நீ படிக்கற. இழுக்காம என்ன செய்யும்? கேமரா வேகத்தைக் கொறச்சு வெச்சிருக்கியே, அந்தப் பாக்கிதான் இத்தனை நாளா சொட்டுது. கேமரா ஒயரைப் புடுங்கி விடு, சரியாயிடும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு நாளாகச் சொட்டுகிறதாம். சிரித்துக்கொண்டே மேஜையின் ஓரத்தைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே வாயில் நின்றது.

"டேய்... கேமராவை மூணாம் நாளே கழட்டிட்டேன். என் முன்னாடி மேஜையில இருக்கு. ஒயரைச் சுத்தி வெச்சிருக்கேன்."

"மெமரி கார்டு?"

"அதுவும் இங்கதான் இருக்கு. தனியா, காலியா."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம். நின்றது. மறுபடி தட்டினான். நின்றது.

"எங்கேர்ந்துடா ஏறுது?"

"உன் வீட்டுலேர்ந்துதான்."

"வீட்டுல எங்க?"

மறுபடி கீபோர்டு தட்டும் சத்தம்.

"டேய், எங்க?"

"கடைக்கு ஆள் வந்திருக்கு. அப்பறம் பேசறேன்." வைத்துவிட்டான்.

ஆள் நுழைந்தாலே வாசல்மணி கிணுங்குவது போனில் கேட்கும் கடை அது. எந்த மணியும் கேட்கவில்லை.

அவன் மறுபடி ரெப்ரெஷ் செய்தான். எட்டு ஏழு. விரலை எடுக்க நினைத்தான், எடுக்கவில்லை. எட்டு எட்டு. இணையத்தையே துண்டித்துவிடலாம் என்று தோன்றியது. சுவரோரம் மினுக்கிக்கொண்டிருந்த பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். பச்சை விளக்குகள் அணைந்தன. வீடு இன்னும் கொஞ்சம் அமைதியானது.

எட்டு ஒன்பது.

மின்விசிறியின் 'டிக்' கூட இப்போது கேட்கவில்லை. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

வட்டம் நின்றது.

படம் ஓடியது.

அறை. கட்டில் இல்லை. போர்வை இல்லை. கழுவிய தரை, ஓரத்தில் இன்னும் காயாத ஈரம். அவன் காலையில் கழுவிய ஈரம். மூலையில் தேதி. இன்றைய தேதி. மணி நாலு நாற்பத்தொன்று. லேப்டாப்பின் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு நாற்பத்தொன்று.

அறையில் அப்பா இருந்தார்.

இரண்டு வருடமாகத் தானாகப் புரண்டுகூடப் படுக்காதவர். மண்டியிட்டிருந்தார். இரண்டு உள்ளங்கைகளும் சுவரில். முகம் சுவரில். மூக்கு நசுங்கும் அளவுக்கு. அந்தச் சுவரில். அவன் மேஜை ஒட்டி நிற்கும் இந்தச் சுவரில்.

உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. லேப்டாப்பிலிருந்து சத்தம் வரவில்லை. ஒலியை முழுக்க ஏற்றினான். ஒன்றுமில்லை.

எழுந்து ஓட வேண்டும். ஓடவில்லை. வாயிலிருந்து வந்தது அந்தக் கேள்விதான். பதினோரு நாளாக ஒவ்வொருவரிடமும் கேட்டது.

"அப்பா. நேரா சொல்லுங்கப்பா. அன்னைக்கு என்னைக் கூப்பிட்டீங்களா?"

திரையில் உதடுகள் நின்றன. தலை மெல்லச் சாய்ந்தது, கேட்டுக்கொள்வது போல. பிறகு வாய் முன்னைவிடப் பெரிதாக, அகலமாகத் திறந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது.

பதில் லேப்டாப்பிலிருந்து வரவில்லை. அவன் இடது காதுக்கு ஒரு சாண் தள்ளி, சுண்ணாம்புக்குள்ளிருந்து வந்தது. கோபமே இல்லாத குரல்.

"கூப்பிட்டேன்டா. இன்னும் நிறுத்தல."