கேஸ் பைப்பில் கட்டிய எர்த்து

பருப்புக் குண்டானில் கரண்டியை விட்டதும் லோகப்பிரியாவின் விரல் நுனியில் எறும்பு கடித்தது. பார்த்தால் எறும்பு இல்லை. மறுபடி தொட்டாள். இந்த முறை கடி முழங்கை வரைக்கும் ஏறியது.

வெளியே துடியலூர் முழுக்க மழை. மழை பிடித்ததிலிருந்தே சமையல்கட்டுச் சுவருக்குள் வண்டு முனகுவது போல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காதை வைத்தால் நின்றுவிடும், அடுப்புப் பக்கம் திரும்பினால் மறுபடி தொடங்கும், கூடவே ரப்பர் தீய்ந்த வாடை ஒன்று வந்து மூக்கைத் தொட்டுவிட்டுப் போகும்.

"ஏனுங்க, அடுப்புல ஷாக்கடிக்குதுங்க."

ஹாலில் சோபாவில் சாய்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்த கிருபாசங்கர் திரும்பவில்லை. "இப்பத்தான் ஊடு முச்சூடும் வயர் மாத்திப்போட்டிருக்கு. சும்மா இரு புள்ள."

வாயில் 'ங்க' போட்டாலும் மனசுக்குள் புருஷனை 'அவன்' என்றுதான் நினைப்பாள். போத்தனூரில் பம்ப் செட் விற்கிறான். அதனால் கரண்ட் தனக்குக் கைகட்டி நிற்கும் என்று நினைப்பு. வயரிங் மாற்றும்போது, கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்க, கரியும் உப்பும் போட்டு வைத்த எர்த்துக் குழி ஈசானி மூலையில் இருப்பது குடும்பத்துக்கு ஆகாது என்று வாஸ்து பார்க்கிற ஒருவன் சொல்லிவிட்டான். குழியைத் தூர்த்து மேலே கிரானைட் போட்டாயிற்று. அப்புறம் எர்த்து வயரையெல்லாம் எங்கே கட்டுவது? "கேஸ் பைப்பு மண்ணுக்குள்ளதான போகுது, அதுல கட்டியுடு" என்றான் இந்த மேதாவி. கரண்ட் கசிந்தால் தானே நிறுத்திவிடும் டிரிப்பரையும், சும்மா சும்மா விழுகிறதென்று கழற்றச் சொன்னான்.

எலக்ட்ரீஷியன் பிரான்சிஸ் பைப்பைப் பார்த்தான், கிருபாசங்கரின் முகத்தைப் பார்த்தான், "ஆகட்டுங்கண்ணா" என்றான். எதிர்த்துப் பேசினால் மரியாதைக் குறைச்சலாம். இந்த ஊர் மரியாதையில் இடி விழ!

அவள் அன்றைக்கே சொன்னாள். "தெருவுல குழி தோண்டினப்ப நான் பாத்தனுங்க. மண்ணுக்குள்ள வாரது மஞ்சப் பிளாஸ்டிக்குங்க, செவுத்துல ஏறுறதுதான் இரும்பு. பிளாஸ்டிக்குல கரண்டு எப்படிங்க மண்ணுக்கு எறங்கும்?" கிருபாசங்கர் சிரித்தான். அவன் சிரித்ததால் பிரான்சிஸும் சிரித்தான். ஜாடிக்கேற்ற மூடி.

லோகப்பிரியா மேசை டிராயரிலிருந்து டெஸ்டரை எடுத்து கேஸ் பைப்பில் வைத்தாள். சிவப்பாக எரிந்தது. ஃபிரிட்ஜ் கைப்பிடியில் வைத்தாள். எரிந்தது. தண்ணீர்க் குழாயிலும் எரிந்தது. மண்ணுக்குப் போக வழியில்லாத கரண்ட் அவள் சமையல்கட்டில் குடியேறியிருந்தது.

சமையல்கட்டு வாசற்படியில் மகள் ரித்திகா நின்றாள். ஏழு வயது. மழையில் ஆடிவிட்டு வந்த ஈரக் கால்.

"உள்ள வராத கண்ணு! அக்கட்டால போ!"

கத்தியதில் குரல் உடைந்தது. பயமாக இருந்தது அவளுக்கு. அதைவிட அந்தச் சோபாவின் மீது ஆத்திரமாக இருந்தது. "மெயினை நிறுத்தப் போறனுங்க" என்றாள்.

மேட்ச் நின்றுபோகும் என்றதும்தான் அவன் எழுந்தான். "புள்ளையையும் பயப்படுத்தறயா? தொட்டுக் காமிச்சாத்தான் உனக்குப் புத்தி வரும்." வெறுங்காலோடு, ஜன்னல் வழியே சாரல் அடித்து ஈரமாகியிருந்த தரையில் நடந்தான்.

"வேண்டாங்க. சொன்னாக் கேளுங்க."

கேட்பானா? வலது கையால் கேஸ் பைப்பை இறுக்கிப் பிடித்தான். மகளைப் பார்த்துச் சிரித்தான். இடது கையை அவள் பக்கம் நீட்டினான்.

"வா அம்மணி, அப்பன் கையைப் புடி. ஒண்ணுமே இல்—"

பேச்சு நின்றது. சிரிப்பு நிற்கவில்லை. பல் எல்லாம் தெரிந்தது. கண் இமைக்கவில்லை. கழுத்து நரம்பு மட்டும் துடித்தது.

லோகப்பிரியா மகளை வாரிக்கொண்டு ஓடினாள். முன்வாசல். மெயின். இழுத்தாள்.

இருட்டு. ஃபேன் நின்றது. மேட்ச் நின்றது. ஃபிரிட்ஜ் அடங்கியது.

கீழே விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். விழவில்லை.

மகளோடு சமையல்கட்டு வாசலுக்குத் திரும்பி வந்தாள். மின்னல் வெட்டியது. அவன் நின்றுகொண்டிருந்தான். பைப்பில் ஒரு கை. நீட்டியபடி ஒரு கை. அதே சிரிப்பு. கழுத்து இப்போது துடிக்கவில்லை. சாவின் முகம் அதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"வா அம்மணி."

வாய் அசையவில்லை. குரல் அடுப்பின் பர்னருக்குள்ளிருந்து வந்தது, கிணற்றிலிருந்து வருகிற மாதிரி. நீட்டிய கையின் விரல்கள் மடங்கின. விரிந்தன. மடங்கின.

லோகப்பிரியா மகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். இடுப்பிலிருந்த ரித்திகா நெளிந்து, அவள் பிடியிலிருந்து வழுக்கி, ஈரத் தரையில் இறங்கினாள். பெரியவர்கள் கூப்பிட்டால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று பழக்கியிருந்தார்களோ, அப்படியே சொன்னாள்.

"வாரனுங்கப்பா."