மேகத்துக்குக் கீழே ஓர் ஓடுபாதை

நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. படம் வரைவதற்கான என் பெரிய கித்தானைத் தூக்கி வந்த வண்டிக்காரர் ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டினார். சுவரில் இடிக்காதே என்று நான் அவரைத் திட்டினேன். மாடியில் முன்னறையின் ஜன்னலோரம், ஒரு நாற்காலியில், வயதான ஓர் அம்மா எங்கள் சண்டையைக் கேட்டுச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

போர் விமானங்களை வரைவது என் பிழைப்பு. போரில் திரும்பி வராத விமானிகளுக்கு அவர்களுடைய படைப்பிரிவுச் சங்கம் ஒரு படம் வரைந்து மண்டபத்தில் மாட்டும். பார்க்க வருகிறவர்கள் பூதக்கண்ணாடியோடு வருவார்கள். விமானியின் முகத்தில் மூக்கே இல்லாவிட்டாலும் மன்னித்துவிடுவார்கள். இறக்கையில் ஒரு ஆணி குறைந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

இந்த அம்மாவின் கணவர் அப்படித் திரும்பி வராதவர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லையாம். படத்தைத் தன் கண் முன்னால், இந்த அறையில்தான் வரைய வேண்டும் என்று சங்கத்திடம் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார்.

“பார்வை மங்கிட்டே வருது தம்பி. அதுக்குள்ள ஒரு தடவை அவரைப் பார்த்துடணும். வேற ஆசை ஒண்ணும் இல்ல.”

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், வெளிச்சம் போதவில்லை என்று கீழே சமையல் செய்யும் அக்காவிடம் எரிந்து விழுந்தேன்.

சங்கம் கேட்டபடியே வரைந்தேன். மேலே சாயங்கால வெயில், அதில் தனியாக அவருடைய விமானம். கீழே, கித்தானின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை வெள்ளை மேகம். மேகம் போடுவதில் நான் கொஞ்சம் கெட்டிக்காரன். எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் செய்வோம். கீழே தரையை வரைந்தால் வீரம் குறைந்துவிடும் என்பது எங்கள் எண்ணம். சக்கரங்களை உள்ளே மடக்கியிருந்தேன். பறக்கும் விமானத்துக்கு அப்படித்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் சக்கரங்கள் வெளியே இருந்தன.

அறையில் பெட்ரோல் வாடை அடித்தது. வண்ணம் கரைக்க நான் வைத்திருக்கும் டர்பன்டைன் வாடை எனக்குத் தெரியாதா? இது வேறு. தொட்டுப் பார்த்தேன். வண்ணம் காய்ந்திருந்தது. நான் போடுகிற எண்ணெய் வண்ணம் ஒரே ராத்திரியில் காயவே காயாது.

“அக்கா, படத்துல கை வெச்சீங்களா?”

“நல்லாயிருக்கே கதை. எனக்கு நேரா ஒரு கோடு போட வராது. நான் போய் சக்கரம் வரையறேனாக்கும்.”

சக்கரங்களைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி மடக்கி வரைந்தேன். விடிந்ததும் மறுபடி வெளியே வந்திருந்தன. இந்தத் தடவை விமானமும் இறங்கியிருந்தது. அதன் வயிறு என் மேகத்தை உரசிக்கொண்டிருந்தது.

பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா என் சட்டையைப் பிடித்தார்.

“என்ன மாறியிருக்கு? சொல்லுங்க தம்பி. எனக்குச் சரியாத் தெரியல.”

சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் கையை நீட்டினார்.

“இந்த ஜன்னலுக்கு எதிர்லதான் விமானத்தளம் இருந்துச்சு. இப்ப எல்லாம் வீடாயிடுச்சு. வேலை முடிஞ்சா நடந்தே வந்துடுவார். அன்னிக்கு சாயங்காலம் கீழ ஒரே மூடுபனி. எதிர்வீடுகூடத் தெரியல. மேல அவர் வண்டிச் சத்தம் கேட்டுச்சு. அவர் வண்டி லேசா இருமும், எனக்குத் தெரியும். சுத்திச் சுத்தி வந்தார். கீழ எல்லாரும் விளக்கைத் தூக்கிப் பிடிச்சோம். என்ன பிரயோஜனம்? அப்புறம் சத்தம் நின்னுடுச்சு. பெட்ரோல் தீர்ந்துபோச்சு.”

நான் என் அழகான மேகத்தைப் பார்த்தேன். ஒரு சின்ன இடைவெளிகூட விடாமல், எவ்வளவு பெருமையாக மூடி வைத்திருக்கிறேன். அவரைக் கொன்ற பனியை நானே மறுபடி கையால் விரித்திருந்தேன். என் மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அன்றைக்கே மேகத்தின் நடுவே சுரண்டித் திறந்தேன். அந்த இடைவெளியில் ஓர் ஓடுபாதை வரைந்து, இரண்டு பக்கமும் மஞ்சள் விளக்குகளை ஏற்றினேன். சங்கத்துக்காரர்கள் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

அந்த அம்மா தலை வாரிக்கொண்டார்.

“அவர் பார்த்த முகம் இதில்லையே தம்பி. என்னைத் தெரியுமா அவருக்கு?”

“தெரியாம என்னம்மா” என்றேன். என்னவோ எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

பொழுது சாய்ந்தது. வெளியே பனி இல்லை. தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே, கூரைக்கு மேலே, ஓர் எஞ்சின் ஓசை வந்தது.

அது லேசாக இருமியது.

பிறகு அது தாழ்ந்து, திணறி, நின்றது.

கீழே வாசல் கதவு திறந்தது. படிகளில் பூட்ஸ் சத்தம்.

அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “சார், யார் வந்தது?”

சத்தம் மாடிக்கு வந்தது. முதலில் படுக்கையறைக்குள் போனது. அப்புறம் பின்னறை. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. அவசரம், யாரையோ தேடுகிற அவசரம். கடைசியில் எங்கள் அறைக்கு வந்தது. பெட்ரோலும் குளிரும் கூடவே வந்தன. நாற்காலிக்கு முன்னால் கொஞ்சம் நின்றது.

பிறகு அந்த அம்மாவைத் தாண்டிப் போய், திரும்பி, படி இறங்கியது.

அந்த அம்மா வாயைத் திறந்தபடி இருந்தார். குரல் வரவில்லை. வெளியே எஞ்சின் இருமிக் கிளம்பிய பிறகுதான் அழுதார். வாழ்க்கை முழுக்கக் காத்திருந்த ஒருவர் அப்படி அழுவதை நான் இனி ஒருமுறை பார்க்க வேண்டாம்.

“யாரோ வயசானவங்கன்னு நினைச்சிட்டார்” என்றார்.

காலையில் விமானம் பழையபடி மேலே இருந்தது. சக்கரங்கள் வெளியேதான் இருந்தன.

“மேகத்தை மூடிடுங்க தம்பி. மேலேயே இருக்கட்டும். அங்க இருந்தா அவருக்கு நான் அந்தச் சின்னப் பொண்ணுதான்.”

“அவர் சுத்திக்கிட்டே இருப்பாரேம்மா.”

“எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளை வண்ணத்தைக் குழைத்துத் தூரிகையில் எடுத்தேன். கை மேகத்துக்குப் போகவில்லை. ஓடுபாதையின் ஓரத்தில், முதல் விளக்குக்குப் பக்கத்தில், அந்த வெள்ளையைத் தலைமுடியாக வைத்தேன். பிறகு கூன் விழுந்த முதுகு, சுருக்கம் விழுந்த முகம், கையில் தூக்கிப் பிடித்த ஒரு விளக்கு. அந்த அம்மா இப்போது எப்படி இருந்தாரோ அப்படியே வரைந்தேன். அவர் கணவர் இறங்கும்போதே பார்த்துக்கொள்ளட்டும் என்று. மனிதர்களை வரைய எனக்கு வராது. ஆனால் அன்றைக்கு வந்தது. அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் எஞ்சின் ஓசை கேட்டது. அந்த அம்மாவின் முகம் வெளுத்தது.

“மூடலையா?” என்று கிசுகிசுத்தார்.

வாசல் கதவு.

படிகள்.

இந்தத் தடவை எந்த அறைக்கும் போகவில்லை. நேராக நாற்காலியிடம் வந்து நின்றது. தரைப்பலகை முனகியது, யாரோ மண்டியிட்டது போல. அந்த அம்மாவின் நெற்றியில் விழுந்திருந்த வெள்ளை முடி மெதுவாக ஒதுங்கியது. அறையில் காற்றே இல்லை.

அந்த அம்மா, சோறு ஆறிப்போனதற்குக் கோபித்துக்கொள்கிற புதுப்பெண் குரலில் கேட்டார்.

“ஏன் இவ்வளவு நேரம்?”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். எனக்கு அங்கே என்ன வேலை?

திரும்பிப் பார்த்தபோது அறையில் நானும் அவருடைய உடலும்தான் இருந்தோம். கித்தானில் விமானம் ஓடுபாதையில் நின்றது. கண்ணாடி மூடி திறந்திருந்தது. இருக்கை காலி. முதல் விளக்குக்குப் பக்கத்தில் நான் வரைந்த கிழவி இல்லை.

சங்கத்துக்காரர்கள் என்னைக் காய்ச்சி எடுத்தார்கள். தரையில் நிற்கிற விமானத்தையா மாட்டுவது, அதுவும் ஆளில்லாமல்? கடைசியில், ஆணிகள் எல்லாம் சரியாக இருந்ததால் வாங்கிக்கொண்டார்கள்.

போன வாரம் மண்டபத்தில் தூசி தட்டுகிறவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சார், உங்க படத்துக்குப் பின்னாடி கரண்ட் வயர் எதுவும் போகுதா?”

“இல்லையே. ஏன்?”

“எஞ்சின் வரைஞ்சிருக்கிற இடம் மட்டும் சுடுது சார். இப்பத்தான் வந்து நிறுத்தின வண்டி மாதிரி.”