இறங்கி வா, சாப்பிடு

பகலில் ஒரு பேருந்து நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். என் மருமகள் நோட்புர்காதான் அவர்களுக்கு வழிகாட்டி. தேவாலயக் கோபுரம், பழைய திராட்சைச் செக்கு, கடைசியாக எங்கள் திராட்சைத் தோட்டத்து உச்சியில் இருக்கும் காவல் குடிசை. ஆல்ப்ஸ் மலையில் பார்க்க வேறு ஒன்றும் இல்லாதது போல.

"குடிசைய விட்டுடும்மா" என்றேன்.

"எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க மாமா."

"கேப்பானுங்க. அடுத்தவன் சாவ வேடிக்கை பாக்க எவனுக்குக் கசக்கும்?"

"ஊர்ல உங்களுக்குப் புடிச்சது ஒண்ணாவது இருக்கா?"

"பஸ்ஸு திரும்பிப் போற சத்தம்."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். என் மகன் செத்த பிறகு எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான்.

என் தாத்தா காலத்தில் பழம் கறுக்கத் தொடங்கியதும் காவல்காரன் மேலே ஏறுவான். தலையில் சேவல் இறகும் நரிவாலும் வைத்த தொப்பி, மார்பில் பன்றிப்பல் மாலை, கையில் ஈட்டி. கொத்தைத் தொட்டவனுடைய தொப்பியைப் பிடுங்கி அடகு வைத்துக்கொள்வான். அறுவடை முடியும்வரை பூசைக்குக்கூட அவன் இறங்கக் கூடாது. தோட்டத்துச் சொந்தக்காரனே ஏறிப் போய், "அறுவடை முடிஞ்சுது, இறங்கி வா, சாப்பிடு" என்று அழைக்க வேண்டும்.

ஒரு வருடம் ஆலங்கட்டி மழை எல்லாக் கொத்தையும் அடித்துப் போட்டது. அறுவடையே இல்லை. அதனால் செராபின் என்ற அந்தக் காவல்காரனை அழைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவனும் இறங்கவில்லை. பனி உருகிய பிறகு போய்ப் பார்த்தார்கள்.

ஈட்டி மட்டும் நின்றது.

சாயங்காலம் நோட்புர்கா வெறுந்தலையோடு வந்தாள். வந்தவர்களுக்கு ருசி காட்ட ஒரு கொத்துப் பறித்தாளாம். அப்போது தொப்பி காணாமல் போனதாம்.

"காத்து அடிச்சிருக்கும் மாமா."

அன்று இலைகூட அசையவில்லை. நான் அடுப்பில் சூப்பை ஏற்றித் திரும்புவதற்குள், தொப்பியைத் தேடி மறுபடி மேலே போய்விட்டாள்.

பின்னாலேயே ஏறினேன். வெளிச்சம் வேகமாக வடிந்தது. குடிசையை நெருங்க நெருங்க நனைந்த நரித்தோல் நாற்றம்.

டக். டக். டக்.

பல்லோடு பல் மோதும் சத்தம்.

உள்ளே அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். வாசலுக்குக் குறுக்கே ஈட்டி கிடையாக நின்றது.

பிடித்திருக்கக் கை இல்லை.

"மாமா..." உதடு மட்டும் அசைந்தது. "மூச்சு விடுறான். என் கழுத்துல."

என்னைச் சுற்றிக் கொடிகள் பழம் தாங்காமல் தொங்கின. அறுவடை தொடங்கவே இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"அறுவடை முடிஞ்சுது. இறங்கி வா, சாப்பிடு."

சத்தம் நின்றது.

ஈட்டி தரையில் விழுந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் புகுந்து தாழ் போட்டேன்.

அடுப்பில் சூப்புப் பானை காலியாக இருந்தது.

சுவர்க் கொக்கியில் நோட்புர்காவின் தொப்பி தொங்கியது. அதன் மேல் பனி. செப்டம்பர் மாதத்தில் பனி.

"பாதிரியார் வீட்டுக்கு ஓடிடலாம் மாமா" என்று அவள் தாழில் கை வைத்தாள்.

டக்.

வாசலுக்கு வெளியே, கதவை ஒட்டி.

அவன் சாப்பிட்டுவிட்டான். ஆனால் பொய் சொன்னேன் என்று அவனுக்குத் தெரியும். வரும் வழியெல்லாம் பழத்தைப் பார்த்துக்கொண்டுதானே வந்திருப்பான். நாள் கணக்காகிவிட்டது; இப்போது மேலே கொத்துகள் அழுகுகின்றன. அவற்றை நாங்கள் அறுத்து முடிக்கும்வரை அவன் போக மாட்டான். அறுக்க எங்களை வெளியே விடவும் மாட்டான். உதவிக்கு வந்து கதவைத் தட்டியவர்கள் அலறிக்கொண்டு ஓடியது கேட்டது.

கொக்கியில் தபால்காரன் தொப்பி வந்து சேர்ந்தது. இன்று காலை அதன் பக்கத்தில் பாதிரியாரின் கறுப்புத் தொப்பி.

அதிலிருந்து பனி இன்னும் சொட்டுகிறது.