லிண்டன்தாலில் ஏழு பேர்

புதன்கிழமை காலை எட்டரைக்கு, விடிந்தும் விடியாத நேரத்தில், சமையலறைச் சுவரில் தொலைபேசி அடித்தது. "இருக்கியா?" என்றது குரல். "இருக்கேன்" என்று சொல்லி வைத்த அல்வினா, வழக்கப்படி அடுத்த வீட்டு எண்ணைச் சுழற்றி ரோக்கஸ் யூண்ட்டிடம் "இருக்கியா?" என்று கேட்டாள். அவனும் இருந்தான். காப்பி பொங்கி அடுப்பில் வழிந்து, கருகிய வாடை மூக்கில் ஏறியபோதுதான், தன்னைக் கூப்பிட்ட எமில் ஃபெட்டிக்கைப் போன சனிக்கிழமையே புதைத்தாயிற்று என்பது அவளுக்கு உறைத்தது.

பயம் உடனே வரவில்லை. அக்டோபரிலிருந்து அவளுக்கு எதுவுமே உடனே வருவதில்லை. சூரியகாந்தி அறுப்பின் நடுவே அவள் கணவன் ரெய்ன்ஹோல்ட் இயந்திரத்தின் மேலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அன்றைக்கும் அவள் அழவில்லை. மத்தியானத்துக்கு வைத்திருந்த சூப்பை எடுத்து மூடிவைத்தாள், அவ்வளவுதான். இப்போதும் ஒரு துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், இன்று. நாலு நாள் எமில் கூப்பிட்டிருக்கிறான், நாலு நாளும் அவள் பதில் சொல்லியிருக்கிறாள். குரல் அவனுடையதுதான், புகையிலைக் கரகரப்போடு.

இந்தக் காலை அழைப்பு லிண்டன்தாலின் குளிர்கால வழக்கம். மேற்கே தானியக் கிடங்கு, கிழக்கே தேவாலயம், நடுவில் ஒரே தெரு. நாலு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை தட்டை நிலம், மறைக்க ஒரு மேடுகூட இல்லாமல் கனடாவிலிருந்து நேராக வந்து இறங்கும் காற்று. ரயில் நின்ற காலத்தில் முந்நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். முதலில் ரயில் போயிற்று, பிறகு பள்ளிக்கூடம், பிறகு ரொட்டிக் கடை, கடைசியாகத் தபால் நிலையம். மிச்சமிருந்த நாலு வீடுகளும் விடிந்ததும் ஒன்றையொன்று வட்டமாகக் கூப்பிட்டுக்கொள்ளும். கிறிஸ்டினா எமிலை, எமில் அல்வினாவை, அல்வினா யூண்ட் சகோதரர்களை, அவர்கள் கிறிஸ்டினாவை. ஒரு கேள்வி, ஒரு பதில், வைத்துவிட வேண்டும்; மாட்டுக்குத் தண்ணீர் உறைந்து கிடக்கையில் யாருக்கு அரட்டைக்கு நேரம்? எடுக்கவில்லை என்றால் போய்ப் பார்க்க வேண்டும். எமிலை அப்படித்தான் கட்டிலில் விறைத்துக் கிடக்கக் கண்டார்கள். உறைந்த மண்ணை வைக்கோல் கொளுத்தி இளக்கிக் குழி தோண்டவே இரண்டு நாள் பிடித்தது.

ஒருவர் போனால் பெயரை அடித்துவிட்டுப் புதுப் பட்டியல் எழுதி வீட்டுக்கு வீடு கொடுப்பது ஊர் எழுத்தரின் வேலை. எழுத்தர் அல்வினாதான். அவள் எழுதவில்லை. மறதியால் அல்ல. அந்தப் பட்டியலின் நகல்தான் மாவட்ட அலுவலகத்துக்கும் போகிறது. ஏழு பேருக்குக் குறைந்த ஊருக்குப் பனி வாரும் வண்டி அனுப்ப முடியாது என்று அவர்கள் கடிதம் போட்டிருந்தார்கள். கிறிஸ்டினாவின் கணவன் லியோவுக்கு வாரம் மூன்று நாள் நாற்பது மைல் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். பாதை மூடினால் அவன் பத்து நாள் தாங்க மாட்டான். எனவே ரெய்ன்ஹோல்ட் போன பிறகும் மாவட்டத்துக்கு ஏழு என்று எழுதினாள். எமில் போன பிறகும் ஏழு என்றே எழுதிக் கையெழுத்திட்டாள்.

அவள் கிறிஸ்டினாவைக் கூப்பிட்டாள்.

"என்னடி இந்த நேரத்துல? லியோவுக்கு எதுவும் ஆகல, பயப்படாதே."

"கிறிஸ்டினாக்கா, காலைல நீங்க யாரைக் கூப்பிட்டீங்க?"

"எமில் வீட்டைத்தான். நீதான் இன்னும் புதுப் பட்டியல் தரலியே. கை தானா அந்த நம்பருக்குப் போயிடுது."

"யாராவது எடுத்தாங்களா?"

"எடுத்தாங்களே. இருக்கேன்னு சொன்னாங்க. பிஸ்மார்க்லேருந்து அவன் அக்கா மகன் வந்து தங்கியிருக்கான் போலன்னு நினைச்சேன். ஏன், வரலியா?"

அல்வினா சன்னலைப் பார்த்தாள். தெருவுக்கு எதிர்ப்புறம் எமிலின் வீடு. புகைபோக்கியில் புகை இல்லை. வாசலில் சனிக்கிழமைக்குப் பின் விழுந்த பனி முழங்காலளவு, ஒரு பூனையின் தடம்கூட இல்லாமல்.

"வந்திருப்பான்," என்றாள்.

அன்று முழுக்க அந்த வீட்டைப் பார்த்தபடியே வேலை செய்தாள். சாயங்காலம் நாலரைக்கு இருட்டியது. அங்கே விளக்கு எரியவில்லை. தன் வீட்டிலேயே மாடிப்படியில் டீசலும் சூரியகாந்தித் தூசும் கலந்த ஒரு வாடை நின்றது; அது அக்டோபரிலிருந்தே நிற்கிறது, ரெய்ன்ஹோல்டின் கோட்டைத் துவைக்காததால் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கோட்டை எப்போதோ தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டது இப்போது ஞாபகம் வந்தது. படியேறாமல் கூடத்து நாற்காலியிலேயே போர்வையைச் சுற்றிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

வியாழன் காலை எட்டே காலுக்குத் தெருவைக் கடந்தாள். மூச்சு விட்டால் மூக்குமயிர் உறையும் குளிர். எமிலின் கதவு பூட்டியிருக்கவில்லை, எங்கள் பக்கத்தில் யார் பூட்டுகிறார்கள்? உள்ளே வெளியைவிடக் குளிராக இருந்தது. புகையிலை, புளித்த முட்டைக்கோஸ், மண்ணெண்ணெய். கழுவுதொட்டியில் ஒரு குவளை, அதில் பனிக்கட்டி. கட்டிலில் மெத்தையைச் சுருட்டி அவளே கட்டிவைத்த கயிறு அப்படியே இருந்தது. கூடத்தைப் பார்த்தாள். நிலவறையைப் பார்த்தாள். அலமாரியைக்கூடத் திறந்து பார்த்தாள்.

யாரும் இல்லை.

எட்டரைக்குத் தொலைபேசி அடித்தது.

ஒருமுறை. இருமுறை. யாராவது வந்து எடுக்கட்டும் என்று சுவரோடு ஒட்டி நின்றாள். மூன்று. நான்கு. எடுக்காவிட்டால் கிறிஸ்டினா லியோவைத் தனியே விட்டுவிட்டு இந்தக் குளிரில் பார்க்க வந்துவிடுவாள். கை தானாகப் போயிற்று.

"இருக்கியா?" என்றாள் கிறிஸ்டினா.

வாயும் தானாகவே பேசிற்று. "இருக்கேன்."

"சரி எமில்."

"அக்கா, நான்..."

கிறிஸ்டினா வைத்துவிட்டாள்.

கருவி கையில் கனத்தது. கிறிஸ்டினாவின் எண்ணைச் சுழற்றினாள், மணியே அடிக்கவில்லை. யூண்ட் வீட்டிலும் இல்லை. இந்த வீட்டிலிருந்து அழைப்பு போவது, எமில் தினமும் கூப்பிட்ட ஒரே ஓர் எண்ணுக்குத்தான் போலிருந்தது. அவள் தன் வீட்டு எண்ணைச் சுழற்றினாள். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டால் போதும்.

இரண்டு முறை மணி அடித்தது. எடுக்கும் சத்தம்.

அவளால் வேறெதுவும் கேட்க முடியவில்லை. "இருக்கியா?"

"இருக்கேன்," என்றான் ரெய்ன்ஹோல்ட்.

மூன்று மாதமாக மரத்துப்போயிருந்த நெஞ்சில் ஏதோ அசைந்தது. துக்கம் என்று நினைத்தாள். இல்லை. பயம். வெறும் பயம்.

"ரெய்ன்ஹோல்ட், நான்தான். அல்வினா."

"அல்வினா வெளியே போயிருக்கா," என்றான் அவன், அந்நியனிடம் பேசும் மரியாதையோடு. "வந்தா சொல்றேங்க."

வைத்துவிட்டான்.

தெருவுக்கு அப்பால் அவளுடைய சமையலறைச் சன்னல், உறைபனி பிடித்து வெள்ளையாக இருந்தது. உள்ளிருந்து ஓர் உள்ளங்கை அதை வட்டமாகத் துடைத்தது. வட்டத்துக்குள் ரெய்ன்ஹோல்டின் முகம். பக்கத்தில் மூடிக்கிடந்த ரொட்டிக் கடையின் கண்ணாடியிலும் ஒரு கை துடைத்தது. தபால் நிலையத்தில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் தாழ்வாக, நிறைய, சின்னச் சின்னக் கைகள். அவளுக்கு முன்னால் இருந்த எழுத்தர்களும் பள்ளிக்காகவும் ரயிலுக்காகவும் தன்னைப் போலவே செத்தவர்களையும் சேர்த்து எழுதியிருப்பார்கள் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

மேற்கே இரைச்சல். பனி வாரும் வண்டி.

அவள் கதவுக்கு ஓடினாள். இழுத்தாள். குளிரில் இறுகியிருந்தது. சன்னலுக்கு ஓடி வந்தாள். வண்டியில் ஆர்லின், பள்ளியில் அவளோடு படித்தவன். எங்கள் சாலைகளில் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கினால் அதுதான் வணக்கம். ஆர்லின் பள்ளிக்கூடத்துக்கு விரல் தூக்கினான். தபால் நிலையத்துக்குத் தூக்கினான். அவளுடைய சமையலறையை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, தூக்கி, பல் தெரியச் சிரித்தான். ரெய்ன்ஹோல்டும் விரல் தூக்கினான்.

அல்வினா இரண்டு கைகளாலும் கண்ணாடியில் அடித்தாள். "ஆர்லின்! ஏய் ஆர்லின்! இங்கே பாருடா!"

அவன் பார்த்தான். நேராக அவள் கண்ணையே பார்த்தான், ஆளில்லாத வீட்டைப் பார்ப்பதுபோல. விரல் அசையவில்லை. அந்த வீட்டுப் பக்கம் இனி யாரும் இல்லை என்பதால், வாரிய பனி முழுவதையும் அங்கே தள்ளுவதற்கு வண்டியின் தகட்டைத் திருப்பினான். அது எழும்பி வந்து முதலில் வாசல்படியை மூடியது, பிறகு கதவை, பிறகு சன்னலின் கீழ்ப்பாதியை. அடுத்த சுற்றில் மீதியையும் மூடியது.