காலாவதியான லிங்க்

ஷீலா அனுப்பிய லிங்க் அன்று மாலையோடு காலாவதியாகியிருக்க வேண்டும். ஆகியும்விட்டது, லேப்டாப் திரையில் சிவப்பு எழுத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதற்கு மேலேயே, ஃபோல்டரை யாரோ பார்த்துக்கொண்டிருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி அணையாமல் இருந்தது.

வெளியே மதியம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. சிட்லபாக்கம் ஏரியின் பாசி நாற்றம் ஜன்னல் வழியாக ஹாலுக்குள் வந்து, எத்தனை முறை கழுவிவிட்டாலும் பின்னறையிலிருந்து போகாத டெட்டால், மூத்திர வாடையோடு கலந்து, அவள் கையிலிருந்த காபியில்கூட இறங்கியிருந்தது.

தோஹாவில் இருக்கும் தம்பி டேனியல்தான் வீடியோக்களைக் கேட்டிருந்தான். போன மாதம் அம்மா ஞானம்மாள் இறந்தபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அடக்க ஆராதனையைக்கூட போனில்தான் பார்த்தான். பக்கவாதத்தில் விழுந்த அம்மாவை அங்கிருந்தபடியே பார்க்கலாம் என்று பின்னறையில் கேமரா மாட்டச் சொன்னவன் அவன். சில மாதங்களிலேயே ஷீலா பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, கேமரா ரிப்பேர் என்று சொல்லிவிட்டாள். கேமரா என்னவோ கடைசி நாள்வரை ஓடியது. பதிவானதெல்லாம் அவள் கணக்கில்தான் சேர்ந்தது.

ஆரம்ப நாட்களின் வீடியோக்களை மட்டும் அவள் பொறுக்கி எடுத்தாள். கஞ்சி ஊட்டுவது, வேதம் வாசித்துக் காட்டுவது, தலை வாரிவிடுவது. மற்றதையெல்லாம் அழித்தாள். குப்பைத் தொட்டி ஃபோல்டரையும் காலி செய்தாள். பிறகு பாஸ்வேர்டு போட்டு, டவுன்லோடு செய்ய முடியாதபடி, ஒரே நாளில் முடியும் லிங்காக அனுப்பினாள். பார்த்து அழுதுவிட்டு மறந்துவிடட்டும்.

போன் அடித்தது. டேனியல்.

"அக்கா, இது எந்த வீடியோ?"

"கஞ்சி குடுக்கறதா?"

"இல்ல. அம்மா தண்ணி கேக்கறாங்க. கேட்டுக்கிட்டே இருக்காங்க."

ஷீலா டம்ளரை வைத்த வேகத்தில் காபி மேஜையில் சிந்தியது. "அது ஒரு நாள், டாக்டர் தண்ணி குடுக்காதீங்கன்னு சொல்லியிருந்தாருடா."

"எல்லா நாளும் கேக்கறாங்களேக்கா."

தண்ணீர் கொடுத்தால் டயப்பர் மாற்ற வேண்டும். மாற்றினால் ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவில் எழுந்து போக வேண்டும். அவ்வளவுதான் காரணம். தம்பியிடம் அதைச் சொல்ல முடியுமா?

அவள் ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். அவள் வைத்தவை மட்டும்தான் இருந்தன. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு முழு ஃபோல்டரையும் அழித்தாள். திரை வெறுமையானது. பச்சைப் புள்ளி மட்டும் நின்றது.

"அக்கா, புதுசா ஒண்ணு வந்திருக்கு. இன்னிக்குத் தேதி போட்டிருக்கு."

"இன்னிக்கு எப்படிடா வரும்? கேமராவைக் கழட்டி எப்பவோ தூக்கிப் போட்டாச்சு."

"ரூம் தெரியுதுக்கா. கட்டில்ல யாரும் இல்ல."

கட்டிலை அவள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. அந்த அறையில் கட்டிலே இல்லை.

எழுந்து போனாள். ஹால் விளக்கின் வெளிச்சம் பின்னறை வாசலோடு நின்றுவிட்டது. கதவைத் தள்ளினாள். சுவரில் கை வைத்து ஸ்விட்சைத் தேடினாள். சுவர் ஈரமாக இருந்தது. விளக்கு எரிந்தது.

கட்டில் இருந்தது.

மெத்தை நடுவில் உடம்பின் பள்ளம். கிட்டப் போய்த் தொட்டாள். சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போனது மாதிரி.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. வெளிப்பக்கம். அம்மாவின் குரல் தெருவுக்குக் கேட்கிறது என்று, கதவை இறுக்கிச் சாத்த ஆளை வரவழைத்து அங்கே தாழ்ப்பாள் போட வைத்தவள் அவள்தான். அதையும் மீறிக் கேட்டால் ஹாலில் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

"டேனி! கதவு மாட்டிக்கிச்சுடா! இப்ப என்ன தெரியுது? சொல்லுடா!"

மழைச் சத்தம். அவன் மூச்சு.

"ஹால் தெரியுதுக்கா. அம்மா உன் சேர்ல உக்காந்திருக்காங்க."

"டேய்..."

"உன் லேப்டாப்ல உன்னத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க."

"பக்கத்து வீட்டு தனம் அக்காவுக்கு போன் பண்ணுடா! வீட்டுச் சாவி அவங்ககிட்ட இருக்கு. உன் கால்ல விழறேன், டேனி. போன் பண்ணு!"

 டேனியல் மெதுவாகக் கேட்டான்.

"தாகமா இருக்காக்கா?"

போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. தனம் அக்கா நம்பருக்கு அடித்தாள். எடுக்கவில்லை. கதவை அடித்தாள். கத்தினாள். தனம் அக்கா. தனம் அக்கா. மழை.

கையில் போன் அதிர்ந்தது. டேனியல் இல்லை.

*ஞானம்மாள் உங்களுடன் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்துள்ளார்.*

அம்மாவுக்குப் போனைத் தொடக்கூடத் தெரியாது. ஷீலா திறக்க நினைக்கவில்லை. விரல்தான் பட்டுவிட்டது.

ஹால். மேஜை. சிந்திய காபி. நாற்காலியில் அம்மா, அடக்கம் செய்த வெள்ளைச் சேலையில், தரையில் எட்டாமல் தொங்கும் கால்களோடு, லேப்டாப் திரைக்குள் மூக்கை வைப்பதுபோல் குனிந்திருந்தாள். பக்கத்தில் நிரம்பி வழியும் ஒரு தண்ணீர்ச் சொம்பு. அம்மா அதை எடுத்து, அவசரமில்லாமல், தொண்டை ஏறி இறங்க, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேமராவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, டிவி ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், டிவி அலற ஆரம்பித்தது.